பஸ் கிளம்பும் நேரத்தில் நீட்டப்படும் தாள்: வேலை போனதும் செய்யக்கூடாத தவறுகள்

சிப்காட்டில் ஆட்குறைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கும். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஏறும் நேரத்தில் நாலைந்து பேரை மட்டும் ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிடுவார்கள். மேசையில் தயாராக ஒரு தாள் இருக்கும். "கையெழுத்து போடு தம்பி, செட்டில்மென்ட் சீக்கிரம் வந்துடும்." சில வருடங்களுக்கு முன்பு ஓசூரில் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்கும் இது நடந்தது. ஆங்கிலத்தில் நாலே வரி. சொந்தக் காரணங்களால் நானாகவே வேலையை விடுவதாக எழுதியிருந்தது. பஸ் போய்விடுமோ என்ற பதற்றத்தில் போட்டுக் கொடுத்துவிட்டேன். வெளியே வந்து பார்த்தால் பஸ் நின்றுகொண்டுதான் இருந்தது.

முதல் தவறும் பெரிய தவறும் அந்தக் கையெழுத்துதான். ராஜினாமா வேறு, ஆட்குறைப்பு வேறு. பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்பில் அனுப்பினால் ஒரு மாத முன்னறிவிப்பு, இல்லையென்றால் அதற்கான சம்பளம் தர வேண்டும். அதோடு முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. மாதம் 18,000 ரூபாய் வாங்கியவர் ஆறு வருடம் இருந்திருந்தால், இழப்பீடு மட்டுமே தோராயமாக 54,000 ரூபாய். ராஜினாமா என்று எழுதிக் கொடுத்தால் இதில் ஒரு பைசா கிடையாது. தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் வேலையிழந்தோருக்குத் தரும் உதவித்தொகையும் போய்விடும். என்னுடன் அன்று கூப்பிடப்பட்ட ஒரு அண்ணன், "வீட்டுக்குப் போய் படிச்சுட்டு நாளைக்குத் தரேன் சார்" என்று தாளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார். அவருக்கு ஆட்குறைப்புக் கடிதமே வந்தது. அந்த ஒரு வாக்கியம் எனக்குத் தோன்றவில்லை.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? வற்புறுத்தி வாங்கினார்கள் என்று உடனே நிர்வாகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதி, நகலோடு தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். இரண்டு வாரத்தில் எழுதிய கடிதத்துக்கு இருக்கும் மதிப்பு இரண்டு வருடம் கழித்து எழுதுவதற்கு இருக்காது. பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, தனிக் கணக்கு. ஐந்து வருடம் முடித்தவருக்கு, ராஜினாமா செய்திருந்தாலும் அது உண்டு. ராஜினாமா செய்ததால் கிராஜுவிட்டியும் போச்சு என்று நினைத்துக் கேட்காமலே விட்டவர்கள் நிறையப் பேர்.

இன்னொரு குழப்பம், 'லே-ஆஃப்' என்ற சொல். நாம் எல்லாவற்றையும் லே-ஆஃப் என்கிறோம். சட்டத்தில் அது தற்காலிகமாக வேலை இல்லை என்று நிறுத்தி வைப்பது. பெயர் பதிவேட்டில் இருக்கும், தகுதி உள்ளவர்களுக்குப் பாதிச் சம்பளம் வரும். அதற்கு வேலை நாட்களில் குறித்த நேரத்துக்குப் போய் வருகையைப் பதிய வேண்டும். 'கூப்பிடும்போது வரலாம்' என்று வாய்வார்த்தையை நம்பிப் பாலக்கோடு பக்கம் ஊருக்குப் போய் உட்கார்ந்துவிட்டால், வேலைக்கு வராமல் நின்றுவிட்டார் என்று எழுத இடம் கொடுத்ததாகிவிடும்.

சரி, இ.எஸ்.ஐ.க்கு வருவோம். வேலை போன அன்றே கார்டு செத்துவிட்டது என்று நினைத்து, மனைவியின் சிசேரியனுக்குக் கந்துவட்டிக்கு வாங்கித் தனியார் ஆஸ்பத்திரியில் கட்டியவரை எனக்குத் தெரியும். அவருக்கு அப்போது இன்னும் பல மாதம் பாக்கி இருந்தது. கணக்கு இதுதான். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அதற்கான பயன்காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று, அதற்குப் பயன்காலம் ஜூலை முதல் டிசம்பர் வரை. ஒரு பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பணம் கட்டியிருந்தால் அதற்குரிய பயன்காலம் முழுக்க மருத்துவ வசதி உண்டு. இரண்டு வருடமாக வேலையில் இருந்தவருக்கு ஆகஸ்ட் 10 அன்று வேலை போனதாக வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் வரை பழைய பங்களிப்பில் ஓடும். ஏப்ரலிலிருந்து 78 நாளையும் தாண்டியிருப்பார் என்பதால் அடுத்த ஜூன் 30 வரை அவரும் குடும்பமும் ஓசூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அதே ஆள் மே மாத மத்தியில் நின்றிருந்தால் 78 தேறாது, டிசம்பரோடு முடிந்துவிடும். அதனால் கடைசி நாள் எது என்று பேச இடமிருந்தால், கணக்குப் போட்டுவிட்டுப் பேசுங்கள்.

ஆட்குறைப்பிலோ ஆலை மூடலிலோ வெளியே வந்தவருக்கு 2005 முதல் ராஜீவ் காந்தி பெயரில் ஒரு திட்டம் இருக்கிறது. குறைந்தது இரண்டு வருடம் இ.எஸ்.ஐ. கட்டியிருந்தால் 24 மாதம் வரை உதவித்தொகை கிடைக்கும். முதல் 12 மாதம் தினசரிச் சராசரி ஊதியத்தில் பாதி, அடுத்த 12 மாதம் கால் பங்கு. அந்தக் காலம் முழுக்க மருத்துவமும் உண்டு. 2018இல் வந்த அடல் திட்டம் 90 நாளுக்குப் பாதி ஊதியம் தருவது, வாழ்நாளில் ஒரு முறைதான். அதைக் கெடு வைத்து நீட்டித்து வருகிறார்கள், நடப்பில் இருக்கிறதா என்று இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டுவிட்டு மனு போடுங்கள். ஒரு விஷயத்தை யாரும் பார்ப்பதில்லை: நிர்வாகம் இ.எஸ்.ஐ. இணையத்தில் உங்கள் கடைசி நாளைப் பதியும்போது காரணமும் பதிய வேண்டும். அங்கே 'லெஃப்ட் சர்வீஸ்' (வேலையை விட்டார்) வேறு, 'ரிட்ரெஞ்ச்மென்ட்' (ஆட்குறைப்பு) வேறு. எது பதிந்திருக்கிறது என்று கேளுங்கள்.

சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியவர்களுக்கு இ.எஸ்.ஐ. இல்லை, கம்பெனி எடுத்துத் தரும் குரூப் மருத்துவ பாலிசிதான். அது வேலையோடு போய்விடும். போவதற்கு முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பித்தால், காத்திருப்புக் காலத்தில் நீங்கள் கடந்த பகுதி கணக்கில் வரும். விட்டுவிட்டுப் புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். ஏஜென்ட் "சுகர் இருக்குன்னு எழுதாதீங்கண்ணா, பிரீமியம் ஏறிடும்" என்பார். கேட்காதீர்கள். கிளெய்ம் வரும்போது அவர் பக்கத்தில் இருக்க மாட்டார்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. வருமான வரம்பு 1,20,000 ரூபாய். பழைய சம்பளத்தை நினைத்து நமக்குக் கிடைக்காது என்று ஒதுங்குவதுதான் இங்கே நடக்கும் தவறு. வருமானம் நின்றுபோன நிலையை வி.ஏ.ஓ.விடம் சொல்லிப் புதிய வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதாரோடு கலெக்டர் ஆபீசில் உள்ள பதிவு மையத்துக்குப் போங்கள். ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு இதற்கு அலைவது கொடுமை. பி.பி., சுகர் மாத்திரைக்கு மக்களைத் தேடி மருத்துவம் போதும். 2021 ஆகஸ்டில் அது தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான்.

அப்புறம் புது வேலை. பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம் டெபாசிட் என்று பணம் கேட்கும் ஏஜென்ட் பக்கமே போக வேண்டாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நடக்கும் தனியார் வேலை முகாமுக்குக் காசு கிடையாது. ஆனால் அதைவிட நைசான பொறி ஒன்று இருக்கிறது. கான்ட்ராக்டர் சொல்வார்: "பிடித்தம் எதுவும் இல்ல, முழுசா கையில வாங்கிக்கோ." 18,000 ரூபாய் சம்பளத்தில் இ.எஸ்.ஐ.க்கு நம்மிடம் பிடிப்பது 0.75 சதவீதம், அதாவது 135 ரூபாய். மொத்தக் குடும்பத்தின் வைத்தியமும் அந்த 135 ரூபாயில் இருக்கிறது.

சேரும்போது பழைய யு.ஏ.என். (பி.எஃப். எண்), பழைய இ.எஸ்.ஐ. எண் இரண்டையும் முதல் நாளே கொடுங்கள். 'புதுசா போட்டுக்கலாம்' என்று விட்டால் பழைய வருடங்கள் தனியாக நிற்கும். பி.எஃப். பென்ஷனுக்குப் பத்து வருடப் பணி தேவை. ஏழு வருடத்தில் அவசரப்பட்டுப் பென்ஷன் பணத்தையும் எடுத்துவிட்டால் அடுத்த கம்பெனியில் ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதுதான். எடுக்காமல், அந்த ஏழு வருடத்தையும் கணக்கில் காக்கும் ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கி வைக்கலாம்.

அத்திப்பள்ளி தாண்டிப் பொம்மசந்திரா, ஜிகினி பக்கம் வேலை கிடைத்தாலும் அதே இ.எஸ்.ஐ. எண்தான், மாநிலம் மாறியதால் எதுவும் மாறாது. நீங்கள் அங்கே அறை எடுத்துத் தங்கி, குடும்பம் தர்மபுரியில் இருந்தால், அவர்களுக்கு ஊருக்குப் பக்கத்து டிஸ்பென்சரியைத் தனியாகப் பதிந்துகொள்ளலாம். நான் இதைத் தெரிந்துகொள்ளும் வரை, அம்மா ஒவ்வொரு முறையும் மாத்திரைக்காக ஓசூர் வரை பஸ் ஏறிக்கொண்டிருந்தார்.