‘வீதத்தால்’ வேறு, ‘வீதமாக’ வேறு: ஆங்கிலத்தில் நாம் விடும் பிழைகள்

காலபோக (மாரிகால நெற்செய்கை) வெள்ளத்துக்குப் பிறகு ஒரு கமக்காரர் அமைப்பு இழப்பீடு கேட்டு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறது என்று வைப்போம். சொல்ல வந்தது, விளைச்சல் 40 வீதத்தால் குறைந்தது என்று. கடிதத்தில் விழுந்ததோ ‘டிக்ரீஸ்ட் டு ஃபோர்ட்டி பேர்சன்ட்’. ஏக்கருக்கு 30 மூட்டை எடுக்கும் வயலில் 18 மூட்டை மிஞ்சியிருக்க, வாசிப்பவர் 12 மூட்டைதான் மிஞ்சியது என்று எடுப்பார். வயல் பார்க்க ஆள் வரும்போது கணக்கு இடிக்கும்.

இதற்கு இலக்கணப் புத்தகம் தேவையில்லை, தமிழிலேயே விடை இருக்கிறது. ‘வீதத்தால்’ என்று வந்தால் ‘பை’, ‘வீதமாக’ என்று வந்தால் ‘டு’.

‘வீதம்’ என்ற சொல்லே இன்னொரு இடத்தில் காலை வாரும். 12 வீதம் என்கிறோம், வட்டி வீதம் என்றும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் முதலாவது ‘டுவெல்வ் பேர்சன்ட்’, இரண்டாவது ‘இன்ட்ரஸ்ட் ரேட்’. இலக்கத்துக்குப் பின்னால் ‘பேர்சன்டேஜ்’ என்று தனியே போடுவது பிழை. இலக்கம் சொல்லாதபோதுதான் அது தனியே பொருந்தும்: ‘எ லார்ஜ் பேர்சன்டேஜ் ஒஃப் ஃபார்மர்ஸ்’. ‘டென் பேர்சன்ட்ஸ்’ என்று கடைசியில் ‘ஸ்’ சேர்ப்பதும் கிடையாது.

‘வயல்களில் 20 வீதம்’ என்பதில் உள்ள ‘இல்’தான் ‘ஒஃப்’. ஆனால் வரிசை தலைகீழாகும்: ‘டுவென்டி பேர்சன்ட் ஒஃப் த ஃபீல்ட்ஸ் வேர் ஃப்ளடட்’. வினைச்சொல் இலக்கத்தைப் பார்க்காது, ‘ஒஃப்’புக்குப் பின்னால் நிற்பதைப் பார்க்கும். அங்கே ‘த கிரொப்’ நின்றால் ‘வோஸ்’. குளம் 80 வீதம் நிரம்பியது என்பதில் ‘இல்’ இல்லை, அதனால் ‘ஒஃப்’பும் இல்லை: ‘த டேங்க் இஸ் எய்ட்டி பேர்சன்ட் ஃபுல்’. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துக்கும் இதேதான்.

படித்தவர்களும் சறுக்கும் இடம் ஈரப்பதன். நெல்லைக் காயவிட்டு 18 வீதத்திலிருந்து 14க்கு இறக்கினால், ‘ஃபெல் பை ஃபோர் பேர்சன்ட்’ என்று எழுதக்கூடாது. 18இல் 4 வீதம் 0.72 மட்டுமே, அப்படி எழுதினால் ஈரப்பதன் இன்னும் 17.28இல் நிற்கிறது என்றாகும். எழுத வேண்டியது ‘ஃபெல் பை ஃபோர் பேர்சன்டேஜ் பொயின்ட்ஸ்’. அது நீளம் என்றால் ‘ஃப்ரொம் எய்ட்டீன் டு ஃபோர்ட்டீன் பேர்சன்ட்’ என்று இரண்டு இலக்கத்தையும் போட்டுவிடலாம். சந்தேகம் வந்தால் இதுதான் பாதுகாப்பு.

நிறை குறைவதும் 4 வீதம் அல்ல. 100 கிலோ ஈர நெல்லில் நீர் போக மிஞ்சுவது 82 கிலோ. காய்ந்த நெல்லில் அந்த 82தான் 86 வீதம். ஆகவே தராசில் 96 கிலோ வராது, ஏறக்குறைய 95.3 கிலோதான் நிற்கும்.