வேதிச்சமநிலை: லீ சாட்லியருக்கு முன் வினை குணகம்

மேல்நிலை முதலாம் ஆண்டு மாணவர்களில் பலர், சமநிலை என்றால் இருபுறமும் சம அளவு என்ற எண்ணத்தோடுதான் இப்பாடத்துக்கு வருகிறார்கள். அதைக் களைய, ஒரே அளவுள்ள இரண்டு அளவுசாடிகளும் இரண்டு கண்ணாடிக் குழாய்களும் போதும். ஒரு சாடியில் மட்டும் வண்ணநீரை நிரப்பி, 5 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயை அதிலும், 3 மி.மீ. குழாயை வெற்றுச் சாடியிலும் அடிவரை இறக்கி, மேல்முனையை விரலால் மூடி, ஏறிய நீரை ஒரே நேரத்தில் எதிர்ச்சாடிக்கு மாற்றச் செய்யவும். இதையே தொடர்ந்தால் மட்டங்கள் ஏறத்தாழ 9:25 என்ற விகிதத்தில் நிலைத்துவிடும், கைகளோ ஓய்வதில்லை. இயங்குச் சமநிலைக்கு இதைவிட நல்ல அறிமுகம் இல்லை என்பேன்.

அடுத்து, 698 கெல்வினில் ஹைட்ரஜன் அயோடைடு உருவாகும் வினையைக் கணக்கிடச் செய்யலாம். அதன் சமநிலை மாறிலி (சமநிலையில் விளைபொருள் செறிவுகளின் பெருக்கலை, உரிய அடுக்குகளோடு, வினைபடுபொருள் செறிவுகளின் பெருக்கலால் வகுத்தால் கிடைப்பது) சுமார் 54. ஒரு லிட்டர் கலனில் ஹைட்ரஜனும் அயோடினும் தலா 1 மோல் எடுத்தாலும், ஹைட்ரஜன் அயோடைடு மட்டும் 2 மோல் எடுத்தாலும், இறுதியில் அயோடைடு சுமார் 1.57 மோலாகவே இருக்கும். அதே விகிதத்தை அந்தந்த நேரத்துச் செறிவுகளைக் கொண்டு கணக்கிட்டால் கிடைப்பது வினை குணகம். வினை எந்தப் பக்கம் நகரும் என்பதை முடிவுசெய்வது, இது சமநிலை மாறிலியைவிடக் குறைவா (முன்னோக்கு) அதிகமா (பின்னோக்கு) என்பதே.

சமநிலையைக் குலைக்கும் மாற்றத்தை ஈடுசெய்யும் திசையில் வினை நகரும் என்ற லீ சாட்லியர் தத்துவத்தை அதன் பிறகே எடுக்க வேண்டும். முன்பே சொன்னால், 'அழுத்தம் கூடினால் குறைந்த மோல் பக்கம்' என்று மனப்பாடம் செய்துவிட்டு, கனஅளவு மாறாமல், வினையில் பங்கேற்காத ஆர்கானைச் சேர்க்கும் கேள்வியில் தடுமாறுவார்கள். அங்கே வினையில் பங்கேற்கும் வாயுக்களின் பகுதி அழுத்தங்கள் (ஒவ்வொன்றும் தனியே தரும் அழுத்தம்) மாறாததால் வினை குணகமும் மாறுவதில்லை.

இரும்பு அயனியும் தயோசயனேட்டு அயனியும் சமநிலையில் இணைந்து உருவாகும் சிவப்பு நிற இரும்புத் தயோசயனேட்டுக் கரைசலை ஒரே அளவுள்ள இரண்டு சோதனைக் குழாய்களில் சம அளவு ஊற்றி, ஒன்றில் மட்டும் அதே அளவு நீரைச் சேர்த்து, வெள்ளைத் தாளின் மேல் வைத்து மேலிருந்து நோக்கச் சொல்லவும். வெறும் நீர்த்தல் என்றால் மேலிருந்து பார்க்கையில் நிறம் மாறக் கூடாது, ஏனெனில் செறிவு பாதியானாலும் உயரம் இருமடங்காகிறது. ஆனால் நிறம் வெளுக்கிறது. செறிவுகள் எல்லாம் பாதியாகும்போது வினை குணகம் சமநிலை மாறிலியின் இருமடங்காவதை மாணவர்களே எழுதிக் கண்டறிவார்கள். பின்னோக்கு வினை ஏன் மேலோங்கியது என்று தனியே விளக்க வேண்டியிராது. வினையூக்கிக்கு ஒரு வாக்கியம் போதும். வெப்பநிலையை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளவும், ஏனெனில் அங்கே மாறுவது சமநிலை மாறிலியே.