டிஎஸ்எல்ஆரா, சட்டைப்பை கேமராவா? கடைக்குப் போகும் முன்பே தொடங்கிவிடும் தவறுகள்

தங்கை வீட்டு பீரோவின் மேல்தட்டில், பட்டுப்புடவைப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பை இருக்கிறது. உள்ளே டிஎஸ்எல்ஆர், அதாவது லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய பெரிய கேமரா. குழந்தைக்குப் பெயர் சூட்டும் நாளுக்காக மாப்பிள்ளை ஆசை ஆசையாக வாங்கியது. காதுகுத்து வரைக்கும் அது வெளியே வந்தது. அதற்குப் பிறகு குழந்தை எழுந்து நின்றது, மாடிப்படியில் தானே ஏறியது, பள்ளிச் சீருடை போட்டுக்கொண்டது எல்லாமே செல்போனில்தான் பதிவாயின. போன பொங்கலுக்குப் பையைத் திறந்தபோது லென்ஸின் உட்புறத்தில் சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. கேமராவின் மேல் குறையில்லை. அது நல்ல கேமரா. வாங்கும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கடையின் வெளிச்சத்தை நம்பி முடிவெடுப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. சென்னை ரிச்சி தெருவிலோ அண்ணா சாலையிலோ ஒரு கடைக்குள் நுழைந்தால் கூரை முழுக்க விளக்கு. அந்த வெளிச்சத்தில் எந்தக் கேமராவும் அழகாகத்தான் எடுக்கும். சிறிய கேமராவையும் பெரிய கேமராவையும் மாற்றி மாற்றி எடுத்து, பின்பக்கத்து மூன்று அங்குலத் திரையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. பிறகு விலையையோ, தோற்றத்தையோ, விற்பனையாளரின் பேச்சையோ வைத்து முடிவாகிவிடுகிறது.

நாம் உண்மையில் படம் எடுக்கப்போவது எங்கே? பாதிப் படங்கள் சாயங்காலம் ஏழு மணிக்கு, ஒற்றை டியூப்லைட் எரியும் நம் வீட்டுக் கூடத்தில். அங்கேதான் சோதித்துப் பார்க்க வேண்டும். தெரிந்தவர்களிடம் இரண்டு வகையையும் ஒரு நாளைக்கு இரவல் கேளுங்கள். இந்த ஊரில் பீரோவில் தூங்கும் கேமராக்களுக்குப் பஞ்சமில்லை. ஃபிளாஷை அணைத்துவிட்டு, கூடத்தில் நடமாடும் குழந்தையை இரண்டிலும் பத்துப் பத்துப் படம் எடுத்து, கணினித் திரையில் முழு அளவில் பாருங்கள். சிறிய கேமராவின் படத்தில் தலைமுடி தனித்தனி இழையாக இருக்காது; மையைத் தடவியது போல ஒன்றாகப் படிந்திருக்கும். கன்னத்தில் பொடிமணல் தூவிய மாதிரிப் புள்ளிகள். கை ஆடிய இடத்தில் விரல்களுக்குப் பதில் ஒரு தீற்றல். டிஎஸ்எல்ஆர் படங்களிலும் சில ஆடித்தான் இருக்கும், ஆனால் பத்தில் நான்கைந்தாவது கண்ணிமை தெரியும்படி வந்திருக்கும்.

காரணம், லென்ஸ் வழியாக வரும் ஒளியைப் பிடித்துப் படமாக்கும் சென்சாரின் பரப்பு. சட்டைப்பையில் அடங்கும் சாதாரண கேமராக்களின் சென்சார் சுமார் 6.2 மி.மீ. நீளம், 4.6 மி.மீ. அகலம். கேனன் தொடக்கநிலை டிஎஸ்எல்ஆரில் அது 22.3-க்கு 14.9 மி.மீ. பெருக்கிப் பார்த்தால் பரப்பு ஏறத்தாழ 12 மடங்கு. நிக்கானில் இன்னும் கொஞ்சம் அதிகம். மழைக்கு வாசலில் தம்ளரை வைப்பதற்கும் அண்டாவை வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. தூறலில் தெரியும் அந்த வித்தியாசம், அடைமழையில் தெரியாது, தம்ளரும் நிரம்பிவிடும். மெரினாவின் காலை வெயிலில் சிறிய கேமரா கொடுக்கும் படத்தைப் பார்த்து யாரும் குறை சொல்ல முடியாது.

மெகாபிக்சல் எண்ணை ஒப்பிடுவது ஏன் வீண் என்பதும் இதிலேயே அடங்கிவிடுகிறது. கேனன் இக்சஸ் 185 என்னும் சிறிய கேமராவில் 20 மெகாபிக்சல். கேனன் 1500டி என்னும் டிஎஸ்எல்ஆரில் 24. எண்ணில் இரண்டும் அண்ணன் தம்பி. அதே தம்ளர் பரப்பை 20 மில்லியன் அறைகளாகப் பிரித்தால் ஒவ்வோர் அறைக்கும் எவ்வளவு ஒளி விழும் என்று யோசித்தால் போதும்.

அடுத்தது ஜூம். இதில் ஏமாந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலும் வேடந்தாங்கலிலும் பறவை எடுக்க வேண்டும் என்ற ஆசையில் டிஎஸ்எல்ஆர் வாங்குவார்கள். பெரிய கேமரா, பெரிய லென்ஸ், ஆகவே தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் என்று எண்ணம். பெட்டியோடு வரும் 18-55 மி.மீ. லென்ஸ் மூன்று மடங்கு ஜூம் மட்டுமே. பழைய பிலிம் கேமராவின் கணக்கில் சொன்னால் கேனனில் அதன் எட்டம் 88 மி.மீ. (இந்த எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது நெருங்கித் தெரியும்). மேலே சொன்ன சிறிய இக்சஸின் எட்டம் 224 மி.மீ. சதுப்பு நிலத்தின் ஓரத்தில் நின்று பூநாரையைப் பார்த்தால், பல மடங்கு விலை கொடுத்த கேமராவில் அது வெறும் இளஞ்சிவப்புப் புள்ளியாகத் தெரியும். பக்கத்தில் நிற்பவரின் சிறிய கேமராவில் கழுத்தின் வளைவாவது தெரியும். பறவைதான் நோக்கம் என்றால் குறைந்தது 55-250 மி.மீ. போன்ற இரண்டாவது லென்ஸையும் முதல் நாளே வரவுசெலவில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கேமராவுக்கே எல்லாப் பணத்தையும் செலவழித்துவிட்டு, லென்ஸை அடுத்த தீபாவளிக்குப் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டால் அந்தத் தீபாவளி எளிதில் வராது.

சிறிய கேமராவின் ஜூமிலும் ஒரு பள்ளம் உண்டு. இழுக்க இழுக்க லென்ஸ் உள்ளே விடும் ஒளி குறைந்துகொண்டே போகும். ஒளி நுழையும் திறப்பை எஃப் எண்ணால் சொல்வார்கள், எண் கூடினால் ஒளி குறையும். அந்த இக்சஸில் அகலக் காட்சிக்கு எஃப் 3.2, முழுக்க இழுத்தால் எஃப் 6.9. ஒளி நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர் ஊர்வலத்தை மாலை மங்கிய பிறகு தெருக்கோடியிலிருந்து இழுத்து எடுத்தால், வருவது சப்பரமா ஜனமா என்றே தெரியாத மங்கல் படம்தான். டிஜிட்டல் ஜூம் என்று எழுதியிருப்பதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். அது இருக்கும் படத்தை வெட்டிப் பெரிதாக்கும் வேலை. அதை வீட்டிலும் செய்துகொள்ளலாம்.

லென்ஸ் விஷயத்தில் இன்னொன்றையும் நின்று சொல்ல வேண்டும். பின்னணி கரைந்து முகம் மட்டும் துலங்கும் படத்தைப் பார்த்து மயங்கித்தான் பலர் டிஎஸ்எல்ஆர் பக்கம் வருகிறார்கள். அந்தக் கரைசல் பெட்டி லென்ஸில் அவ்வளவாக வராது. எஃப் 1.8 லென்ஸ் வேண்டும். முழுக்க இழுத்த பெட்டி லென்ஸை விட அது ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். விலை மலிவு என்று எல்லோரும் முதலில் வாங்குவது 50 மி.மீ. லென்ஸ். நல்ல லென்ஸ்தான், ஆனால் நம் அடுக்குமாடி வீட்டுக் கூடத்துக்கு அது பொருந்துமா? கேனனில் பத்தடி தள்ளி நின்றால் அதற்குள் விழும் அகலம் நாலரை அடி. குழந்தை, பாட்டி, கேக் மூன்றையும் ஒன்றாக எடுக்க வேண்டுமானால் முதுகு பால்கனிக் கதவில் இடிக்கும். அதே இடத்தில் 24 மி.மீ. லென்ஸ் ஒன்பதடிக்கு மேல் காட்டும். கூடத்தை நாடாவால் அளந்துவிட்டு லென்ஸ் வாங்கப் போங்கள் என்று நான் சொல்வது முழு நினைவோடுதான்.

நிக்கான் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. டி3500, டி5600 போன்ற கேமரா உடல்களுக்குள், லென்ஸைத் தானாக ஃபோகஸ் செய்யவைக்கும் மோட்டார் கிடையாது. மாமாவோ பெரியப்பாவோ பாசத்தோடு கொடுத்த பழைய ‘டி’ வகை 50 மி.மீ. லென்ஸுக்குள்ளும் மோட்டார் இல்லை. அது இந்த உடலில் பொருந்தும், படமும் எடுக்கும். ஃபோகஸை மட்டும் கையால் திருப்ப வேண்டும். கேனனில் 1987 முதலே இஎஃப் லென்ஸ்களுக்குள் மோட்டார் இருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை.

இனி, தங்கை வீட்டில் நடந்த தவறுக்கு வருகிறேன். எடையை யாரும் கையில் வைத்துப் பார்ப்பதில்லை. கடையில் இரண்டு நிமிடம் பிடிப்பது கணக்கில்லை. 1500டி உடல் மட்டும் 475 கிராம். லென்ஸும் சேர்ந்தால் முக்கால் கிலோவை நெருங்கும். ஒரு கையில் குழந்தை, தோளில் பால் புட்டிப் பை, இன்னொரு கையில் பறக்கும் ரயிலின் கம்பி என்று வேளச்சேரியிலிருந்து கடற்கரைக்குப் போகும் தாய்க்கு அந்த முக்கால் கிலோ எந்தக் கையில்? சிறிய கேமரா 130 கிராமுக்குள் முடிந்துவிடும். சுடிதார் பையிலோ கைப்பையிலோ இருப்பதே தெரியாது. ஒரு வாரத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலையும் அதோடு ஒரு சின்ன பூட்டையும் ஒரு பையில் போட்டு, போகும் இடமெல்லாம் தனியாகத் தோளில் மாட்டிச் செல்லுங்கள். மூன்றாம் நாளே அதை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பினீர்கள் என்றால் உங்களுக்கு டிஎஸ்எல்ஆர் வேண்டாம். மாப்பிள்ளையிடம் அன்றைக்கு இந்த ஒரு சோதனையைச் சொல்லியிருந்தால் போதும்.

அதே நேரத்தில், சிறிய கேமராதான் வசதி என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதும் தவறுதான். நம் ஊர் வெயிலில் பகல் பன்னிரண்டு மணிக்கு மாமல்லபுரத்துக் கல்லின் முன் நின்றால் பின்திரையில் எதுவும் தெரியாது. கண்ணை ஒட்டிப் பார்க்கும் வியூஃபைண்டர் பெரும்பாலான சிறிய கேமராக்களில் இல்லை. டிஎஸ்எல்ஆரில் அந்தத் துளை வழியாக லென்ஸ் பார்ப்பதையே நாமும் பார்க்கலாம். ஓடும் குழந்தையைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்வதிலும் அதன் வேகம் தனி. இதை அறியாமல் டிஎஸ்எல்ஆரையும் செல்போன் போல முன்னால் நீட்டிப் பிடித்துத் திரையைப் பார்த்தே எடுப்பவர்கள் உண்டு. 1500டி போன்ற மாடல்களில் அப்படி எடுத்தால் ஃபோகஸ் மெதுவாகிவிடும், கையும் ஆடும். வாங்கிய வேகம் வீணாகிறது. பேட்டரியிலும் இடைவெளி பெரிது: டி3500 ஒரு முறை சார்ஜ் செய்தால் 1,550 படங்கள் என்று அளவிடப்பட்டது, சிறிய கேமராக்கள் சில நூறோடு நின்றுவிடும்.

மார்கழிக் கச்சேரிக்குக் கேமரா வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டிஎஸ்எல்ஆரில் ஒவ்வொரு படத்துக்கும் உள்ளே கண்ணாடி எழுந்து விழும். தம்பூரா மட்டும் ஒலிக்கும் நேரத்தில் அந்தச் சத்தம் நான்கு வரிசை கேட்கும். கேமராவை ஆட்டோ மோடில் வைத்திருந்தால் ஃபிளாஷும் தானே எழுந்து மின்னும். சிறிய கேமராவின் ஒலிகளை அணைத்துவிட்டால் பக்கத்து இருக்கைக்கும் தெரியாது. ஆனால் மேடை வெளிச்சத்துக்கு அதன் சென்சார் போதாது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ‘ஓரங்குலச் சென்சார்’ கேமரா (ஓரங்குலம் என்பது பெயரில்தான், அளவில் இல்லை). 2012-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 இந்த வகை: 240 கிராம், சாதாரண சிறிய கேமராவைப் போல நான்கு மடங்கு சென்சார் பரப்பு. அரங்கில் அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டு இதை எடுத்துப் போகலாம்.

செல்போன் இருக்கும்போது கேமரா எதற்கு என்ற கேள்விக்கு என் பதில்: சின்ன சென்சார் கொண்ட மலிவான சட்டைப்பை கேமராவின் வேலையை நல்ல செல்போன் இன்று பெருமளவு செய்துவிடுகிறது. உண்மையான லென்ஸ் ஜூமுக்காகவோ, குழந்தையின் கையில் கொடுப்பதற்காகவோ தவிர அந்த வகையைப் புதிதாக வாங்க நான் சொல்ல மாட்டேன்.

பழைய கேமரா வாங்குபவர்கள் கூடியிருப்பதால், செகண்ட் ஹேண்டில் ஏமாறாமல் இருப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய சிறிய கேமராவில் முதலில் கார்டு நுழையும் இடத்தைப் பாருங்கள். எக்ஸ்டி என்னும் பழைய வகை மெமரி கார்டு மட்டும் ஏற்கும் மாடல்கள் உண்டு. அந்தக் கார்டு இப்போது தயாரிப்பிலேயே இல்லை. எஸ்டி கார்டு ஏற்பவற்றிலும் மிகப் பழையவை 2 ஜிபிக்கு மேல் ஏற்காது. லென்ஸை நான்கைந்து முறை நீட்டி மடக்கச் சொல்லுங்கள். எலியட்ஸ் கடற்கரை மணல் ஒரு பொடி உள்ளே போயிருந்தாலும் கரகரவென்று சத்தம் வரும், பாதியில் நிற்கும். டிஎஸ்எல்ஆர் என்றால் ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் திரை, எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று கேளுங்கள். தொடக்கநிலை மாடல்களுக்கு அதன் ஆயுள் ஒரு லட்சம் முறை என்பது பொதுவான கணக்கு. வானத்தை எஃப் 16-இல் ஒரு படம் எடுத்துப் பார்த்தால் சென்சாரில் உள்ள தூசி கறுப்புப் புள்ளிகளாகத் தெரிந்துவிடும்.

பிறகு லென்ஸைக் கழற்றி, முன்மூடி பின்மூடி இரண்டையும் எடுத்துவிட்டு, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கத்தால் பாருங்கள். நேராகப் பார்த்தால் தெளிவாகத் தெரியும் கண்ணாடியில், சாய்ந்த வெளிச்சத்தில் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வெள்ளை வேர்கள் தெரியும். அதுதான் பூஞ்சை. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் சென்னைக் காற்றில் இருக்கும் ஈரமே அதற்குப் போதும். லேசாக இருந்தால் பழுதுபார்ப்பவர் பிரித்துத் துடைத்துத் தருவார். கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால் தழும்பு போகாது. வாங்கிய பின் கேமராவை அதன் துணிப்பையிலேயே பீரோவில் வைக்க வேண்டாம், துணியே ஈரத்தைப் பிடித்துவைக்கும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஒரு கைப்பிடி நீலச் சிலிக்கா ஜெல். நீலம் வெளுத்து இளஞ்சிவப்பானால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது. தங்கை வீட்டு லென்ஸை இப்போது துடைக்கக் கொடுத்திருக்கிறோம். டப்பா நான் வாங்கிவைத்துவிட்டேன்.