போர்டோ கலவை: கலக்கும்போதும் அடிக்கும்போதும் நடக்கும் தவறுகள்

மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். ஒரு சதவீதப் போர்டோ கலவைக்குக் கணக்கு இவ்வளவுதான். மிளகு, காபி, திராட்சை, பாக்கு என்று பல பயிர்களின் பூஞ்சை நோய்களுக்குத் தலைமுறைகளாக அடித்துவரும் மருந்து இது. ஆனாலும் இலை கருகிவிட்டது, தெளிப்பானின் நாசில் அடைத்துக்கொண்டது, ஒரு மழையிலேயே கழுவிப் போய்விட்டது என்ற புகார்கள் ஓய்ந்தபாடில்லை. பெரும்பாலும் கோளாறு கலக்கும் விதத்தில்தான் இருக்கிறது.

மயில்துத்தம் என்பது படிகத்துக்குள் நீரைப் பிடித்து வைத்திருக்கும் காப்பர் சல்பேட். அதன் எடையில் ஏறக்குறைய கால் பங்குதான் தாமிரம். தண்ணீரில் கரைத்தால் அமிலத்தன்மை உள்ள கரைசல் கிடைக்கும். அதை அப்படியே அடித்தால் பூஞ்சையோடு சேர்த்து இலையையும் சுட்டுவிடும். சுண்ணாம்புப் பால் சேரும்போது அமிலம் தணிகிறது. கரைந்திருந்த தாமிரம் கரையாத வெளிர்நீலக் களியாகப் பிரிகிறது. இந்தக் களிதான் மருந்து. இலையில் ஒட்டிக் காய்ந்து, ஈரம் படும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமிரத்தை விடும். முளைக்க வரும் பூஞ்சை வித்து அதை உள்ளே இழுத்துக்கொண்டு, என்சைம்கள் முடங்கிச் சாகும். களி எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு நன்றாக ஒட்டும்.

அதனால்தான் எதை எதில் ஊற்றுகிறோம் என்பது முக்கியம். 50 லிட்டரில் மயில்துத்தம், இன்னொரு 50 லிட்டரில் சுண்ணாம்பு. மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெதுவாக ஊற்றி, ஒருவர் விடாமல் கலக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் மூன்றாவது ட்ரம்மில் ஊற்றினாலும் சரி. அவசரத்தில் சுண்ணாம்பைத் துத்தத்தில் கொட்டினால் களி பருமனாகத் திரண்டு அடியில் தங்கும், நாசிலும் அடைக்கும். இரண்டையும் குறைந்த தண்ணீரில் கெட்டியாகக் கலந்துவிட்டு, அப்புறம் தண்ணீர் ஊற்றிக்கொள்வதும் இதே விளைவைத்தான் தரும். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டு நீற்றும்போது எழும் சூடு அடங்கும் வரை பொறுத்திருக்கவும் வேண்டும்.

இரும்பு ட்ரம், தகர வாளி கூடவே கூடாது. கரைசலில் இருக்கும் தாமிரம் இரும்பின் மேல் படிந்துவிடும், இரும்பு கரைந்து போகும். மருந்தும் போச்சு, பாத்திரமும் போச்சு. பிளாஸ்டிக், மண், மரப் பாத்திரங்கள் போதும்.

அதிகம் ஏமாற்றுவது சுண்ணாம்பு. கணக்குப்படி பார்த்தால் 1 கிலோ மயில்துத்தத்தை முழுவதும் களியாகப் பிரிக்கத் தூய சுட்ட சுண்ணாம்பு சுமார் 225 கிராம் போதும். பிறகு எதற்கு 1 கிலோ? நமக்குக் கிடைக்கும் சுண்ணாம்பு தூயது இல்லை என்பது ஒரு காரணம். மிகுதிச் சுண்ணாம்பு இலைக்குப் பாதுகாப்பு என்பது இன்னொன்று. ஆனால் மூட்டையைத் திறந்து வைத்து மாதக்கணக்கில் காற்றுப் பட்ட சுண்ணாம்பு, கரியமில வாயுவை ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக மாறியிருக்கும். தண்ணீர் ஊற்றினால் சூடு வராது, பொங்காது. அதில் 1 கிலோ போட்டாலும் அமிலம் சரியாகத் தணியாது. புதிதாகச் சுட்ட சுண்ணாம்பை வாங்கி நீற்றி, வடிகட்டிப் பயன்படுத்துங்கள். மயில்துத்தத்தையும் பார்த்து வாங்குங்கள். பச்சைச் சாயல் தெரிந்தால் இரும்பு சல்பேட் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. மேலே லேசாக வெளுத்திருந்தால் பயப்பட வேண்டாம், படிக நீர் கொஞ்சம் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

கலந்து முடித்ததும் துருவில்லாத, நன்றாகத் தேய்த்த இரும்புக் கத்தியையோ புது பிளேடையோ ஓரிரு நிமிடம் கலவையில் விட்டு எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் தாமிரம் இன்னும் கரைந்த நிலையில் இருக்கிறது. அப்படிப் படிவது நிற்கும் வரை சுண்ணாம்புப் பால் சேர்க்க வேண்டும். பலர் இந்தச் சோதனையைச் செய்வதே இல்லை. இலை கருகிய தோட்டங்களில் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்.

மிஞ்சிய கலவையை நாளைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். நேரம் ஆக ஆகக் களி படிகமாகித் திரண்டு, ஒட்டும் தன்மை போய்விடும். இரண்டு கரைசல்களும் தனித்தனியாக இருந்தால் வைத்திருக்கலாம், கலந்த பிறகு அன்றே அடித்தாக வேண்டும்.

இனி எப்போது அடிப்பது என்று பார்ப்போம். பிரான்சின் மெடோக் பகுதியில் சாலையோரத் திராட்சையைப் பறிப்பவர்களைத் தடுக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து கொடிகளில் பூசி வைப்பார்கள். அடிச்சாம்பல் என்ற பூஞ்சை நோய் வந்தபோது அந்தக் கொடிகள் இலை உதிராமல் நின்றதை 1882இல் தாவரவியல் பேராசிரியர் மில்லார்டே கவனித்தார். வேதியியலாளர் கயோனுடன் சேர்ந்து சோதித்து 1885இல் வெளியிட்டார். நோய் வருமுன்பே மருந்து இலையில் இருந்ததால்தான் கொடிகள் தப்பின. போர்டோ கலவை இலைக்குள் ஊடுருவாது, உள்ளே புகுந்த பூஞ்சையை அதனால் தொட முடியாது. மிளகு வாடத் தொடங்கிய பிறகு அடிப்பது வீண் செலவு. தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே அடித்திருக்க வேண்டும். திராட்சை அடிச்சாம்பலும் காபி இலைத்துருவும் இலையின் அடிப்பக்கத் துளைகள் வழியாகவே நுழைகின்றன. மேல்பக்கம் மட்டும் நீலமாக்கிவிட்டுத் திரும்புவதில் பயனில்லை. பூக்கும் சமயத்திலும், மழை வரப்போகும் நேரத்திலும் அடிக்க வேண்டாம்.

வேறு பூச்சிமருந்தை இதோடு கலப்பதும் தவறு. கலவையின் காரத்தன்மை மாலத்தியான் போன்றவற்றைச் சிதைத்துவிடும். ட்ரைக்கோடெர்மா இட்ட வேரடியில் இதை ஊற்றினால், காசு கொடுத்து வாங்கிய நல்ல பூஞ்சையும் சாகும்.

தாமிரம் மக்காது; அடித்ததெல்லாம் மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். ஐரோப்பிய ஒன்றியம் ஹெக்டேருக்கு 7 ஆண்டுகளில் 28 கிலோ தாமிரம் என்று உச்சவரம்பு வைத்திருப்பது இதனால்தான். மீனுக்கு இது கடும் நஞ்சு, தெளிப்பானைக் குளத்திலோ ஓடையிலோ கழுவாதீர்கள்.

அடிப்பவரின் உடம்பையும் மறந்துவிடக் கூடாது. போர்ச்சுகல் திராட்சைத் தோட்டங்களில் ஆண்டுக்கணக்கில் இதைத் தெளித்தவர்களுக்கு நுரையீரல் நோய் வந்ததை 1969இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். முகக்கவசம், கண்ணாடி, கையுறை கட்டாயம். கண்ணில் தெறித்தால் நிறைய தண்ணீரால் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போங்கள். நீலப் படிகம் குழந்தைகளின் கண்ணை இழுக்கும், பூட்டி வையுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.