கொழும்பிலிருந்து ரொறன்ரோ: பயண நேரத்தை நாமே கணக்கிடுவது

அம்மாவின் ரிக்கெட்டில் கொழும்பின் கட்டுநாயக்க எயர்போர்ட்டில் அதிகாலை 2.30க்கு வெளிக்கிட்டு, அதே நாள் பிற்பகல் 3.30க்கு ரொறன்ரோவில் இறங்குவதாக இருந்தது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துவிட்டு, "13 மணித்தியாலம்தான் அம்மா" என்றேன். அதை நம்பி ஒரு வேளைக்கான சீனி வருத்தக் குளுசையை மட்டும் கைப்பையில் வைத்தார். மீதி பெரிய பெட்டியோடு போய்விட்டது. அந்தத் தவறு எனக்கு இன்னும் வலிக்கிறது.

ரிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். எனவே முதலில் எல்லாவற்றையும் கொழும்பு நேரத்துக்கு மாற்றுங்கள். ரொறன்ரோ குளிர்காலத்தில் நம்மைவிட 10½ மணித்தியாலம் பின்னால் இருக்கும். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை 9½. அம்மா போனது ஜனவரியில். பிற்பகல் 3.30உடன் 10½ஐக் கூட்டினால் கொழும்பில் மறுநாள் அதிகாலை 2 மணி. ஆக, பயணம் 23½ மணித்தியாலம்.

இது சரியா என்று தூரத்தை வைத்துச் சோதிக்கலாம். பிள்ளைகளின் பூமி உருண்டையை எடுங்கள். 30 செ.மீ. விட்டமுள்ளதில் ஒரு செ.மீ. ஏறக்குறைய 425 கி.மீ. கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு நூலை இழுத்துப் பிடித்தால் 33 செ.மீ. வரும், அதாவது 14,000 கி.மீ. நூல் இந்தியா, கசகஸ்தான், ரஷ்யா, கிரீன்லாந்து என்று வடக்கால் போகும்! தட்டையான வரைபடத்தில் அளந்தால் இது பிழைக்கும்.

நேரடி விமானம் இல்லாததால் டுபாயில் மாறினார். டுபாய்க்கு 3,300, அங்கிருந்து 11,100. கூட்டினால் 14,400. சுற்றிப் போவதால் கூடுவது 400 கி.மீ. மட்டுமே. நேரத்தைத் தின்பது காத்திருப்புத்தான்.

பெரிய ஜெட் விமானம் மணிக்கு 900 கி.மீ. அளவில் பறக்கும். ஏறி இறங்குவதற்கும் சேர்த்து, நான் தூரத்தை 850ஆல் வகுத்து அரை மணித்தியாலம் கூட்டுவேன். டுபாய்க்கு 4½ மணித்தியாலம் வரும். அடுத்ததற்கு 13½, மேற்கே எதிர்காற்று என்பதால் 14 என்று வையுங்கள். மொத்தம் 18½. மீதி 5 மணித்தியாலம் டுபாயில் காத்திருப்பு.

அப்புறம் வீட்டிலிருந்து எண்ணுங்கள். வெள்ளவத்தையிலிருந்து எயர்போர்ட்டுக்கு ஒன்றரை மணித்தியாலம், அங்கே மூன்று மணித்தியாலம் முன்பே நிற்க வேண்டும். அம்மா படியிறங்கியது முதல் நாள் இரவு 10 மணிக்கு. அப்படிப் பார்த்தால் 28 மணித்தியாலம்.

அம்மா மறுபடி போகும் இந்த முறை இதையெல்லாம் ஒரு தாளில் கொழும்பு நேரத்தில் எழுதி டொக்டரிடம் காட்டினோம். எந்தக் குளுசை எப்போது என்று அவர் அதிலேயே குறித்துத் தந்தார். எல்லாக் குளுசையும் கைப்பையில். அக்காவைக் காணும்வரை கைக்கடிகாரத்தை மாற்ற வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.