தக்காளி நாற்றை மாற்றி நடுதலும் தொட்டியின் அளவும்

விதைத்து 25 முதல் 30 நாள்களில், நான்கைந்து இலைகளுடன் அரைச் சாணுக்குச் சற்று மேலாக வளர்ந்த தக்காளி நாற்று இடம் மாற்றுவதற்கு ஏற்றதாகிவிடும். நாற்று வளரும் கோப்பையின் அடித்துளையில் வெண்ணிற வேர் எட்டிப் பார்த்தால் இனியும் தாமதிக்க வேண்டாம்.

முதலில் தொட்டியைத் தேர்ந்தெடுங்கள். மாடித்தோட்டத்தில் தக்காளி தோற்றுப்போவதற்குச் சிறிய தொட்டியே பெரும்பாலும் காரணம் என்பது என் உறுதியான கருத்து. எட்டு அங்குலத் தொட்டி கோடை வெயிலில் நண்பகலுக்குள் காய்ந்துவிடும். மாலையில் நீரூற்றியதும் மண் சொதசொதவென்றாகும். இப்படி ஈரம் ஏறி இறங்கினால், மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தாலும் அது காய்க்குச் சரிவரப் போய்ச் சேராது. காயின் அடிப்பகுதி கறுத்து அழுகும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம். 1 போன்ற குத்துச்செடி வகைக்கு 12 அங்குல அகலமும் அதே ஆழமும் கொண்ட, ஏறத்தாழ 20 லிட்டர் கொள்ளும் தொட்டியோ பையோ போதும். கொடியாக நீளும் வகைகளுக்கு 15 அங்குலம் வேண்டும். எதுவானாலும் தொட்டிக்கு ஒரே செடிதான்.

செம்மண், மட்கிய தொழுவுரம், தேங்காய் நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலந்து, ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு சேர்த்து நிரப்புங்கள். நார்க்கழிவை முன்னதாகவே நீரில் ஊறவைத்துப் பிழிந்து, அதிலுள்ள உப்பை நீக்கிவிட வேண்டும்.

வெயில் தாழ்ந்த பிறகு நடுங்கள். ஒரு மணி நேரம் முன்பே நாற்றுக்கு நீரூற்றி, கோப்பையைக் கவிழ்த்து, தண்டைப் பிடித்து இழுக்காமல் மண்கட்டியோடு உள்ளங்கையில் ஏந்திக்கொள்ளுங்கள். அடியில் வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் விரலால் மெல்லத் தளர்த்துங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டில் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகுமாறு ஆழமாக நடுங்கள். கத்தரிக்கும் மிளகாய்க்கும் இப்படிச் செய்வதில்லை, ஆனால் தக்காளியின் தண்டு மண்ணைத் தொட்ட இடமெல்லாம் புதுவேர் விடும். ஒட்டு நாற்றாக இருந்தால் மட்டும் ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும். ஊன்றுகோலையும் அப்போதே நட்டுவிடுங்கள். பிறகு குத்தினால் வேர் அறுபடும்.

மூன்று நாள் நிழலில் வைத்து, பின்னர் சிறிது சிறிதாக வெயிலுக்கு நகர்த்துங்கள். விரலை ஓர் அங்குலம் மண்ணில் நுழைத்து, உலர்ந்திருந்தால் மட்டும் நீரூற்றுங்கள். நட்ட மறுநாள் நண்பகலில் இலை துவண்டாலும் மாலையில் நிமிர்ந்துவிட்டால் கவலை வேண்டாம். மாலையிலும் நிமிராவிட்டால் இன்னும் இரண்டு நாள் நிழலிலேயே விட்டுவையுங்கள்.