லாட்டரி டிக்கெட்டில் வந்த 720720: ஒரு எண்ணைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

கேரளப் பக்கம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது லாட்டரி மேசைக்காரர் ஒரு டிக்கெட்டை நீட்டினார். "ஃபேன்சி நம்பருங்க வாத்தியாரே, எடுத்துக்குங்க." 720720. தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரிக்குத் தடை என்பதால் பொள்ளாச்சிக்காரர்கள் எல்லையில் இருக்கும் கோபாலபுரம் தாண்டி வந்து வாங்குவார்கள். எனக்கு அந்த அலைச்சல் இல்லை. பரிசு விழவில்லை. எண் மட்டும் மிச்சம். நோட்டும் பேனாவும் எடுத்துக்குங்க.

படி 1: 720 இரண்டு தடவை வருகிறது. அதாவது 7,20,000 + 720. பொதுவாக இருப்பதை வெளியே எடுத்தால் 720 × 1001. இந்த 1001 சாதாரண ஆள் இல்லை. 7 × 11 × 13. அதனால் மூன்று இலக்கத்தை அடுத்தடுத்து இரண்டு முறை எழுதினால், அது 358358 ஆனாலும் சரி, 7, 11, 13 மூன்றாலும் மீதியில்லாமல் வகுபடும்.

படி 2: 720 என்பது 1 × 2 × 3 × 4 × 5 × 6. பகா எண்களாக உடைத்தால் நான்கு 2, இரண்டு 3, ஒரு 5. இவற்றோடு 7, 11, 13-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: மொத்தம் எத்தனை காரணிகள்? இங்கேதான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். ஒரு காரணியை உருவாக்க, நான்கு 2-களில் எத்தனை எடுக்கலாம்? ஒன்றுமே எடுக்காமலும் விடலாம். ஆக 0 முதல் 4 வரை, ஐந்து வழி. 3-க்கு மூன்று வழி. 5, 7, 11, 13 ஒவ்வொன்றுக்கும் எடு அல்லது விடு, இரண்டு வழி. 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240.

படி 4: 1 முதல் 16 வரை எந்த எண்ணாலும் வகுத்துப் பாருங்கள், மீதி வராது. அப்படி வகுபடும் எண்களில் இதுதான் சிறியது. 17-ல் மாட்டிக்கொள்ளும்: மீதி 5.

தனக்குச் சிறிய எண்கள் எல்லாவற்றையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களைப் பற்றி ராமானுஜன் 1915-ல் கேம்பிரிட்ஜில் இருந்தபோது நீண்ட கட்டுரை வெளியிட்டார். 720720 அந்த வகைதான். பத்து லட்சத்துக்குள் 240-ஐத் தாண்டும் எண்ணே கிடையாது. அவர் கையால் போட்ட பட்டியலிலும் 293318625600 விடுபட்டுப் போனது என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதல். ஏனென்று சொல்கிறேன்.

படி 5: காரணிகளை ஜோடியாக எழுதுங்கள்: 1 × 720720, 2 × 360360, இப்படியே. வர்க்கமூலம் 848-ஐ ஒட்டி வருவதால் சின்னக் காரணியை 848 வரை தேடினால் போதும். நான் 819 × 880 எழுதியதும், இனி என்ன இருக்கப்போகிறது என்று நோட்டை மூடிவிட்டேன். எண்ணினால் 238. ஒரு ஜோடி குறைகிறது. ராத்திரி சாப்பாடு ஆறும் வரை ஆரம்பத்திலிருந்து தேடினேன். அது கடைசியில் இருந்தது: 840 × 858.